விழாத பந்தையும் எழுதுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியமோ, ஏதோ ஒரு கல்லூரி மைதானமோ, கூடைப்பந்து மேட்ச் முடிந்ததும் கோர்ட்டு ஓரத்தில் இன்னொரு மேட்ச் ஆரம்பிக்கும். "இருபத்திரண்டு பாயிண்ட்டுய்யா, தனி ஆளா நின்னு போட்டிருக்கான்" என்பார் ஒருவர். "எத்தனை பந்து எறிஞ்சு இருபத்திரண்டு? அத்தனை தடவை விட்டா நானும்தான் போடுவேன்" என்பார் அடுத்தவர். டீ வந்து, கிளாஸ் திரும்பிப் போகிற வரைக்கும் இது ஓயாது.

இதே சண்டை அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீகான என்பிஏ-வின் ரசிகர்களுக்குள்ளும் பல வருடமாக நடக்கிறது. அவர்களிடம் கையில் கணக்கு இருக்கிறது, நம்மிடம் குரல் மட்டும்தான் இருக்கிறது. நான் பகலில் புள்ளியியல் நடத்துகிறவன், சாயங்காலம் ஸ்கோர் டேபிளில் உட்காருகிறவன். அதனால் இதில் எனக்குச் சொல்லக் கொஞ்சம் உண்டு.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எறிந்தது பத்து, விழுந்தது ஐந்து என்றால் நூற்றுக்கு ஐம்பது. இதை ஃபீல்டு கோல் சதவீதம் என்கிறோம். இதில் ஒரு ஓட்டை உண்டு. கோர்ட்டில் உள்ள வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட், உள்ளிருந்து போட்டால் இரண்டு. ஒரு பையன் வளைகோட்டுக்கு வெளியே நின்று பத்து எறிந்து நாலு போடுகிறான், பன்னிரண்டு பாயிண்ட். இன்னொருவன் உள்ளே புகுந்து பத்து எறிந்து ஆறு போடுகிறான், அதுவும் பன்னிரண்டுதான். ஆனால் தாளில் ஒருவனுக்கு நாற்பது, இன்னொருவனுக்கு அறுபது. மூன்று பாயிண்ட் கோடு என்பிஏ-வில் 1979-ல் வந்தது, சர்வதேச விதிகளில் 1984-ல். கோடு வந்த பிறகும் கணக்கு பழைய இடத்திலேயே நின்றதால்தான் இந்தக் கோளாறு.

இதைச் சரிசெய்ய மூன்று பாயிண்ட் கூடை ஒன்றை ஒன்றரைக் கூடையாக எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் இரண்டு பேருக்கும் அறுபது வந்துவிடும். அடுத்த படி, ஃப்ரீ த்ரோவையும், அதாவது ஃபவுலுக்காகத் தடுப்பார் இல்லாமல் எறியக் கிடைக்கிற ஒரு பாயிண்ட் பந்தையும், உள்ளே சேர்ப்பது. அதற்குப் பெயர் ட்ரூ ஷூட்டிங். எடுத்த மொத்தப் பாயிண்ட்டை, எறிந்த பந்தும் ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கும் சேர்ந்த தொகையின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். ஃபவுலுக்கு இரண்டு த்ரோ கிடைக்கிறது, அப்படியானால் பாதிதானே, 0.5 என்று போடாமல் ஏன் 0.44 என்று என் மாணவர்கள் கேட்பார்கள். கூடை விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கிற ஒற்றை த்ரோ, டெக்னிக்கல் ஃபவுலுக்கான த்ரோ, இவையெல்லாம் அணிக்குத் தனி வாய்ப்பு எதையும் செலவழிப்பதில்லை. அதைக் கழித்து உத்தேசமாக எடுத்த எண் அது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு என்பிஏ-வின் புகழ்பெற்ற இரண்டு ராத்திரிகளைப் பார்ப்போம். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில் வில்ட் சேம்பர்லேன் நூறு பாயிண்ட் எடுத்தார். 63 எறிந்து 36 விழுந்தது, ஃப்ரீ த்ரோ 32-க்கு 28. 2006 ஜனவரி 22 அன்று கோபி பிரையன்ட் 81 எடுத்தார். 46 எறிந்து 28, அதில் ஏழு மூன்று பாயிண்ட், ஃப்ரீ த்ரோ 20-க்கு 18. ட்ரூ ஷூட்டிங் போட்டுப் பார்த்தால் வில்ட்டுக்கு 65, கோபிக்கு 74. நூறை விட எண்பத்தொன்று உசத்தி என்று இந்தக் கணக்கு சொல்கிறது. வில்ட் காலத்தில் மூன்று பாயிண்ட் கோடே கிடையாது என்பதை அது சொல்லாது, நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்ட்ரைக் ரேட்டை மட்டும் பார்த்து யாரும் ஓப்பனரை எடுப்பதில்லை.

டிஆண்ட்ரே ஜோர்டான் என்று ஒருவர். 2014-15 சீசனில் எறிந்ததில் நூற்றுக்கு 71 விழுந்தது. மூன்று பாயிண்ட் எறிவதில் பேர்போன ஸ்டீபன் கர்ரிக்குக்கூட அப்படி ஒரு எண் வந்ததில்லை. ஆனால் ஜோர்டான் ஃப்ரீ த்ரோ கோட்டில் தனியாக நின்றால் நூற்றுக்கு 40 கூடத் தேறவில்லை. எதிரே கை தூக்க ஆளில்லாத இடத்தில் நாற்பது, ஆள் சூழ்ந்த இடத்தில் எழுபத்தொன்று! காரணம் எளிது. அவர் எடுத்ததில் பெரும்பாலானவை ரிங்குக்குப் பக்கத்தில், மற்றவர்கள் தூக்கிக் கொடுத்த பந்தை அமுக்கியவை. அது தவறில்லை, பெரிய திறமைதான். ஆனால் அந்த 71-ல் பாஸ் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு. அவன் பெயர் அந்த எண்ணில் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஆலன் ஐவர்சன். ஆறடி உயரம், என்பிஏ-வில் அது குள்ளம். 2000-01-ல் ஆட்டத்துக்குச் சராசரி 31.1 பாயிண்ட், அந்த வருடத்துச் சிறந்த ஆட்டக்காரர் விருது, பிலடெல்பியா அணியை இறுதிப் போட்டி வரை இழுத்துக்கொண்டு போனார். சதவீதம்? 42. இன்றைக்கும் அவரைக் குறை சொல்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். ஆனால் ஆட்டத்துக்குப் பத்து ஃப்ரீ த்ரோ எறிந்தவர் அவர். அதையும் சேர்த்தால் ட்ரூ ஷூட்டிங் 52-ஐ ஒட்டி வருகிறது, அந்த சீசனில் மொத்த லீகின் சராசரியே ஏறக்குறைய அவ்வளவுதான். எதிரணி முழுக்கத் தன் மேல் பாய்கிறபோது ஆட்டத்துக்கு இருபத்தைந்து பந்து எறிந்து சராசரியில் நிற்பது லேசான காரியம் அல்ல. அந்த அணியில் வேறு யாராவது அந்த இருபத்தைந்தை எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எந்த ஃபார்முலாவும் பதில் சொல்லாது.

இருபத்து நாலு செகண்டுக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்பது விதி. பாஸ் பாஸாகப் போய், வழி கிடைக்காமல், இரண்டு செகண்ட் இருக்கும்போது பந்து யார் கைக்கு வருகிறதோ அவன் கண்ணை மூடிக்கொண்டு வீச வேண்டியதுதான். சாமர்த்தியசாலிகள் அந்த நேரத்தில் பந்தைக் கேட்கவே மாட்டார்கள். அவர்கள் சதவீதம் அழகாக இருக்கும். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போகிறவர்கள் அங்கே இதைக் கவனியுங்கள். கடைசி இரண்டு செகண்டில் கையை நீட்டிப் பந்து கேட்பது யார், ஒதுங்கி நிற்பது யார் என்று கேலரியிலிருந்தே தெரியும்.

இன்னொரு விஷயம். ஒரு டோர்னமெண்டில் ஒரு பையன் நாற்பது பந்து எறிந்தால் பெரிசு. அதில் 45 சதவீதம் என்றால் பதினெட்டு, 55 என்றால் இருபத்திரண்டு. நடுவே இருப்பது நாலே பந்து. உண்மையிலேயே பாதிக்குப் பாதி போடுகிற ஒருவன்கூட, வெறும் அதிர்ஷ்டத்தால், பத்துக்கு நாலு தடவை இந்தப் பதினெட்டு-இருபத்திரண்டு எல்லைக்கு வெளியே போய்விடுவான். திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்டில் சாயங்காலக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வில்ட் அந்த ராத்திரி ஃப்ரீ த்ரோவில் 32-க்கு 28 போட்டவர், வாழ்நாள் சராசரி நூற்றுக்கு 51 தான். ஒரு ஆட்டத்தை, ஒரு டோர்னமெண்டை வைத்து டீம் எடுக்கிற கமிட்டிகள் இதை யோசிக்க வேண்டும்.

இதுவரை சொன்ன எந்தக் கணக்கையும் நம் ஊரில் பெரும்பாலான ஆட்டங்களுக்குப் போடவே முடியாது. எங்கள் டேபிளில் எழுதுகிற சர்வதேச ஸ்கோர் ஷீட்டில் இரண்டு பாயிண்ட் என்றால் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோ என்றால் ஒரு கறுத்த புள்ளி, மூன்று பாயிண்ட் என்றால் ஆட்டக்காரரின் நம்பரைச் சுற்றி ஒரு வட்டம். ஃபவுலுக்குக் கட்டம் இருக்கிறது, டைம் அவுட்டுக்குக் கட்டம் இருக்கிறது. தவறிய பந்துக்குக் கட்டம் கிடையாது. யார் ஜெயித்தார் என்று தீர்ப்பதற்கான தாள் அது, அந்த வேலைக்கு அது போதும். ஆனால் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு "அவன் நிறைய வீணடிக்கிறான்" என்று சொல்கிறவரிடம் ஆதாரம் இல்லை, இல்லை என்கிறவரிடமும் இல்லை.

பள்ளி, கல்லூரி கோச்சுகளிடம் நான் கேட்பது ஒரு நோட்டு, ஒரு பென்சில். கோர்ட்டில் பாதியை வரைந்துகொள்ளுங்கள். எங்கிருந்து எறிந்தானோ அங்கே விழுந்தால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி, பக்கத்தில் பனியன் நம்பர். நேரம் முடியப்போகிற அவசரத்தில் எறிந்ததென்றால் கீழே ஒரு கோடு. பாஸ் கொடுத்தவன் நம்பரையும் எழுத முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு சீசன் முழுக்க எழுதுங்கள், பிறகு சண்டை போடுவோம்.

எழுத ஆளுக்கு எங்கே போவது என்பீர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் கொடுங்கள். கோர்ட்டில் ஆடுகிறவன் தவறவிடுகிற ஒரு பந்தைக்கூட அவர்கள் விடமாட்டார்கள்.

வணக்கம்.