வேண்டுமென்றே சிந்தவிட்ட கதிர்

அன்பான சகோதர சகோதரிகளே, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே நம்முடைய படுவான்கரையில் வேளாண்மை வெட்டி முடிகிற நேரம் இது. ஆலயத்துக்கு நீங்கள் கொண்டுவந்த நெல்மூட்டைகள் முன்னால் அடுக்கியிருக்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு ரூத்தின் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது.

ரூத் மோவாப் தேசத்துப் பெண். புருஷனை இழந்தவள். மாமியார் நகோமியோடு பெத்லகேமுக்கு வந்து, கையில் ஒன்றுமில்லாமல் வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். அந்த வயலின் சொந்தக்காரர் போவாஸ், நம்முடைய பேச்சில் ஒரு போடியார். வேலைக்காரர் மேல் கண்காணியும் வைத்திருந்தார், நம்மிடம் முல்லைக்காரர் இருப்பதுபோல.

வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. சரி, அது கட்டளை, போவாஸ் அதைச் செய்தார். ஆனால் ரூத் இரண்டாம் அதிகாரத்தில் அவர் அதோடு நிற்கவில்லை. தன் வேலைக்காரரைக் கூப்பிட்டு, கட்டிலிருந்து சிலதை அவளுக்காக வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவளை அதட்டவும் வேண்டாம் என்கிறார். கொடுக்கிறார், ஆனால் கொடுத்தது தெரியாமல் கொடுக்கிறார்! ரூத் தன் கையால் பொறுக்கி, தட்டியடித்து, ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையோடு வீட்டுக்குப் போகிறாள். மூலத்தில் அது ஒரு ஏப்பா, கிட்டத்தட்ட 20 லீற்றர். ஒரு நாளில் சிந்தின கதிரைப் பொறுக்கி யாருக்கு அவ்வளவு கிடைக்கும்? நகோமிக்கு அது விளங்கியிருக்கிறது, அதனால்தான் இன்று எங்கே பொறுக்கினாய் என்று கேட்கிறாள்.

இந்த மனசு போவாஸுக்கு எங்கிருந்து வந்தது? மத்தேயு முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள், அவருடைய தாய் ராகாப் என்று இருக்கிறது. எரிகோவிலிருந்து வந்த அந்நியப் பெண். வெளியூர்க்காரி என்று ஊர் பார்க்கிற பார்வையை அவர் வீட்டுக்குள்ளேயே அறிந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாங்கள் கல்லடியிலிருந்து ஓடிப்போய் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். ஒரு நாள் பேர் கூப்பிட்டு அரிசிப் பை கொடுத்தார்கள், பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும்வரை விடவில்லை. அம்மா அந்த அரிசியைச் சமைத்தார், ஆனால் அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேசவில்லை. அப்புறம் காத்தான்குடிப் பக்கமிருந்து ஒரு முஸ்லிம் அம்மா பெரிய சட்டியில் சோறு கொண்டுவந்தார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கூடச் சமைச்சிட்டன் புள்ள, வீணாப் போயிரும், கொஞ்சம் எடுத்துக்க." வீட்டையும் சாமான்களையும் கடலுக்குக் கொடுத்த எங்களிடம் அவர் உதவி கேட்கிறதுபோலக் கேட்டார். அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ரூத்தின் புத்தகத்தை எனக்கு முதலில் விளக்கினது அந்த முஸ்லிம் அம்மாதான், எந்தப் பிரசங்கியாரும் இல்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மூட்டைகளை அடுத்த ஞாயிறு மேடையில் வைத்துப் பேர் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம். போனையும் வெளியே எடுக்க வேண்டாம். செவ்வாய் இரவு நான் மோட்டார்சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோகிறேன். மூட்டை தூக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும், ஆராதனை முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், வாருங்கள்.