கடுகு எந்த டின்னில்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். துணையை இழந்த அப்பா நிம்மதியாக இருப்பது பிள்ளை வீட்டிலா, தன் வீட்டிலா? தன் வீட்டிலேதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி, பெற்றோரைக் காப்பாற்றச் சட்டமே இருக்கிறது என்றார். சரி, நம் சிங்கப்பூரில் 1995இல் வந்த சட்டம். வழியில்லாத பெற்றோர், 60 வயதானவர்கள், பிள்ளையிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்கிறது. தொகைதான் தம்பி, பெட்டியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை. சேர்ந்து வாழ மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, 30,000 வெள்ளி தருகிறது என்றார். பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் வாங்கினாலும் 20,000 கிடைக்கிறதே! அதையேன் விட்டுவிட்டார்?

இதெல்லாம் இருக்கட்டும். கடைசியில் ஒன்று சொல்லிக் கைதட்டல் வாங்கினாரே, அதற்கு வருகிறேன். “ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு அப்பாவைப் பார்க்கப் போகிற மகளுக்கும், சாப்பாடு டெலிவரி செய்கிறவருக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். தம்பி, அந்த மகள் நான்தான்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. காரியம் முடிந்த கையோடு அப்பாவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மூன்று மாதம் இருந்தார். சோபாவின் நுனியில்தான் உட்காருவார். “அம்மாடி, இந்த ஃபேனைப் போட்டுக்கலாமா?” என்று கேட்பார். ஒருநாள் காப்பி குடித்த டம்ளரைக் கழுவிவிட்டு, அதை எங்கே கவிழ்ப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பார்த்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி, “காரிடார்ல கருவேப்பிலைச் செடி காஞ்சு போயிடும்மா, நான் வீட்டுக்குப் போறேன்” என்றார். மறுநாளே அங் மோ கியோவில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். அழுதுகொண்டேதான் விட்டேன்.

போன மறுநாள் காலையில் போன். “கடுகு எந்த டின்?”

அம்மா எதையும் தூக்கிப்போட மாட்டார். மைலோ டின், பிஸ்கட் டின், பால்மாவு டின், எல்லாவற்றிலும் ஏதாவது இருக்கும். “சின்னதா, கருப்பா இருக்கும்பா” என்றேன். வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போன். “ரெண்டு டின்ல சின்னதா, கருப்பா இருக்கே!” எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருக்கிறேன். “வெடிக்கிறது கடுகுப்பா” என்றேன். மூன்றாவது போன். “எண்ணெய்ல போட்டு நிக்கிறேன், வெடிக்கவே மாட்டேங்குதே!” அது சப்ஜா விதை! சர்பத்தில் போடுவோமே, அதேதான். அதை அப்படியே சாம்பாரில் கொட்டிவிட்டார். சாயங்காலம் நான் போய்ப் பார்க்கும்போது சாம்பார் முழுக்கத் தவளை முட்டை மாதிரி ஊறி மிதக்கிறது. “உங்கம்மா வைக்கிறப்ப இப்படி வராதே” என்று கரண்டியால் கிளறிக்கொண்டு நிற்கிறார். அம்மா போனபிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நான் சிரித்ததும் அன்றைக்குத்தான். அந்தச் சாம்பாரை இரண்டு பேரும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டோம்.

இப்போது புதன்கிழமை தேக்கா சந்தைக்குத் தானே போகிறார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குகிறார். தம்பி, அந்த டிபன் கேரியர் ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தான் போகிறது! திரும்பி வரும்போதுதான் நிறைந்து வருகிறது. டெலிவரி செய்வது நான் இல்லை, என் அப்பா!

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதியவர் என் அப்பா. கண்டெய்னருக்கு எண் இருப்பதுபோல இப்போது ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு சீட்டு. நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். கடுகு. வெந்தயம். கடுகு இல்லை. மேல்தட்டில் ஒரு பால்மாவு டின், கால்வாசி ஏதோ பொடி. சீட்டில் “அவ அரைச்சது” என்று மட்டும் இருக்கிறது. “என்ன பொடிப்பா?” என்றேன். “தெரியலம்மா. கேட்டு வெச்சுக்கலையே” என்றார். திறந்து முகர்ந்து பார்த்தார். எனக்கும் நீட்டினார். மல்லி வாசம் தெரிந்தது, இன்னும் எதுவோ இருந்தது, இருவருக்கும் பிடிபடவில்லை. மூடியை அழுத்தி மூடி, துண்டால் ஒருமுறை துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டார்.

அந்த டின்னை நான் எந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன், நடுவர் அவர்களே? வணக்கம்.