ஏலகிரியின் சூட்டை வானத்திலிருந்து அளக்கலாம்

எல்லோருக்கும் வணக்கம். ஏலகிரி மலையில் ஒரு காலத்தில் ஃபேன் இல்லாமலே தூங்கினோம், இப்போது முடியவில்லை, எல்லாம் டூரிஸ்ட் கூட்டத்தால் வந்தது என்று நம் பக்கத்தில் சொல்லாத ஆளில்லை. அது உண்மைதானா, உண்மையென்றால் எந்த அளவுக்கு என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்க்க முடியும்.

2013-இல் ஏவிய லாண்ட்சாட் 8, 2021-இல் ஏவிய லாண்ட்சாட் 9 என்ற செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை காலை பத்து, பத்தரை மணிவாக்கில் நம் தலைக்கு மேலே போகின்றன. தரை வெளிவிடும் வெப்பக் கதிரை அளக்கின்றன. படங்கள் எல்லாம் இலவசம். 1984-இல் ஏவிய லாண்ட்சாட் 5 எடுத்தவையும் கிடைப்பதால், ரிசார்ட்டுகள் பெருகுவதற்கு முந்தைய மலையையும் பார்த்துவிடலாம். ஆனால் இது தரையின் சூடு, டிவியில் சொல்கிற காற்றின் வெப்பநிலை வேறு. மே மாதப் பகலில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும்? வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கர். நம் வேலூர்க் கோட்டை 133 ஏக்கர், மொத்தமும் ஐம்பத்துச் சொச்சம் புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அகழித் தண்ணீர் பகலில் குளிர்ச்சி, பக்கத்து ரோடு கொதிக்கும், ஆனால் இரண்டும் ஒரே புள்ளியில் விழுந்தால் நமக்குக் கிடைப்பது சராசரிதான். ஏலகிரியில் ஒற்றை லாட்ஜும் அதையொட்டிய தோப்பும் இப்படித்தான் கலந்துபோகும். மலைமேல் கட்டடங்கள் நெருங்கிவிட்ட ஆத்தனாவூர் மாதிரி இடம் என்றால் தெளிவாகத் தெரியும்.

அந்த ஆத்தனாவூரை வேலூரோடு ஒப்பிடாதீர்கள், ஏனென்றால் உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினாலே காற்று ஆறு டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். அதே மலையில், ஏறக்குறைய அதே உயரத்தில், லாட்ஜ் வராத ஒரு பக்கத்தோடு, அதே மாதத்தில், முன்வாரம் மழை பெய்ததா என்பதையும் பார்த்து ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சூடேறியிருந்தால் டூரிஸத்தின் மேல் பழி போட முடியாது. ஒரு பக்கம் மட்டும் ஏறியிருந்தால் அங்கே மரம் போய் எது வந்தது என்று தேடுங்கள்.

கூட்டத்தைக் குறைத்தால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2020 ஊரடங்கில் மலைக்கு ஆளே வரவில்லை, ஆனால் கான்கிரீட் கூரையும் தார் ரோடும் அங்கேயேதான் வெயிலில் கிடந்தன. மரம் வேர்வழியாக நீரை இழுத்து இலைவழியாக ஆவியாக்கித் தரையைக் குளிர்விக்கிறது, சிமென்ட்டுக்கு அந்த வேலை தெரியாது. அதனால் கட்டட அனுமதியைத்தான் முதலில் கட்டுப்படுத்த வேண்டும் என்பேன்.

அப்புறம் முக்கியமான சங்கதி. நம் புகார் ராத்தூக்கத்தைப் பற்றியது, லாண்ட்சாட் பார்ப்பதோ பகலில். பகலில் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் ராத்திரியில்தான் வெளியே விடும். 2018-லிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஈகோஸ்ட்ரெஸ் என்ற கருவி இருக்கிறது, அது வெவ்வேறு நேரங்களில், ராத்திரியிலும் படமெடுக்கிறது. அதையும் சேர்த்துப் பார்க்காமல் ஃபேன் கேள்விக்குப் பதில் வராது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. லாண்ட்சாட் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அதே மாதிரி, ஆனால் அதிகச் சூட்டையும் அளக்கிற கருவியை எடுத்துக்கொண்டு அன்று காலை பத்து மணிக்குள் மலையேறுங்கள். மொட்டை மாடி, ரோடு, தோப்பு நிழல், புங்கனூர் ஏரிக்கரை என்று ஒவ்வொன்றையும் அளந்து நேரத்தோடு குறித்துக்கொண்டு வாருங்கள், படத்தோடு வைத்துப் பார்க்கலாம்.