வாக்கி டாக்கியில் எழுத்துச் செய்தி

நேயர்களுக்கு வணக்கம்.

2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேயரில் ஒரு ஹாம் குழு ஏற்கெனவே ஆன்டெனா கட்டி உட்கார்ந்திருந்தது. ஹாம் என்றால் அரசு உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர். பாரதி பிரசாத் தலைமையில், வெளிநாட்டு ஹாம்களோடு பேசுவதற்காகப் போன குழு அது. தொலைபேசி செயலிழந்ததும், உறவினர்களின் நலம் விசாரிக்கும் செய்திகளை அவர்கள்தான் கரைக்குக் கொண்டுசேர்த்தார்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே.

இரைச்சலுக்கு நடுவே பெயர்ப் பட்டியல் வாசிப்பது பெரும்பாடு. செல்வி என்று சொன்னது செல்வன் என்று காதில் விழுந்தால், ஒரு குடும்பத்துக்குத் தவறான தகவல் போய்விடும். இப்படிப்பட்ட வேலைக்குப் பேச்சைவிட எழுத்தே மேல் என்பது என் கட்சி.

எழுத்து அனுப்ப விலை உயர்ந்த கருவி வேண்டுமே என்று நினைப்பீர்கள். 1980களில் வேண்டியிருந்தது. ரேடியோவுக்கும் கணினிக்கும் நடுவில் தனியாக ஒரு பெட்டி வைக்க வேண்டும். இன்று அந்தப் பெட்டியின் வேலையை ஒரு இலவச மென்பொருள் செய்துவிடுகிறது. கணினியோ செல்போனோ எழுத்தைச் சத்தமாக மாற்றி, ஒரு ஒயர் வழியாக ரேடியோவின் மைக்குக்குள் விடுகிறது. ரேடியோவுக்கு அது எழுத்து என்று தெரியாது. யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து அனுப்பிவிடும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பாவ்ஃபெங் வாக்கி டாக்கியே இதற்குப் போதும்.

பாக்கெட் ரேடியோ என்ற முறையில் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என இரண்டே தொனிகள். வினாடிக்கு 1200 பிட். சிறிய செய்தி ஒன்று ஏறக்குறைய ஒரு வினாடியில் போய்விடும். காதுக்குக் கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அமெரிக்கக் கடற்படை அகாடமியைச் சேர்ந்த பாப் புருனிங்கா இதன் மேல்தான் ஏபிஆர்எஸ் முறையை உருவாக்கினார். இருக்கும் இடத்தையும் 67 எழுத்துக்குள் ஒரு செய்தியையும் அதில் அனுப்பலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ரேடியோ இந்த வேலைக்குத் திறந்திருக்கும்போது, 145.825 மெகாஹெர்ட்ஸில் போகும் பாக்கெட்டை வாங்கி மறுபடி பூமிக்கு அனுப்பும். 400 கிலோமீட்டர் உயரம், கையில் இருப்பதோ 5 வாட். கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனா, அதாவது சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனா, இருந்தால் எட்டிவிடும்.

தமிழில் அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். யூனிகோடில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'வணக்கம்' என்பதற்கே 21 பைட் ஆகிறது. வாங்குகிற கருவியின் திரையில் தமிழ் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துவிடுவதே இப்போதைக்குச் சுலபம்.

மலிவு ரேடியோவின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அழுத்தியதும் அது உடனே முழு பலத்தோடு அனுப்பாது. அதற்குள் செய்தியின் தலை வெட்டுப்பட்டுவிடும். மென்பொருளில் கால் வினாடி, அரை வினாடி தாமதம் வைத்தால் சரியாகும். அடுத்தது சத்தம். வால்யூமைக் கூட்டினால் தூரம் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: தொனி உடைகிறது. பாக்கெட்டில் ஒரு பிட் கெட்டாலும், வாங்குபவரின் மென்பொருள் அந்தச் செய்தி முழுவதையும் தூக்கி எறிந்துவிடும்.

அந்தப் பலவீனம் இல்லாத முறை எஃப்டி8. 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் கொண்டுவந்தது. ஜோ டெய்லர் 1993-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். விண்மீன்களின் மெல்லிய சிக்னலைத் தேடியவருக்கு இது கைவந்த கலையாக இருந்திருக்கும்! 15 வினாடிக்கு ஒரு முறை ஒரு குறுஞ்செய்தி. நாமே எழுதும் வாசகம் என்றால் 13 எழுத்துதான். ஆனால் இரைச்சல் நூறு மடங்கு ஓங்கியிருந்தாலும் மீட்டெடுத்துவிடும்.

இதற்குச் சிற்றலை ரேடியோ வேண்டும். அதுவும் மலிவாகிவிட்டது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் ரேடியோவின் முதல் வடிவில், கம்பிச்சுருள் சுற்றுவதற்குக் குழாய் வாஷரையே பயன்படுத்தினார். உள்ளூர்க் கடையில் கிடைப்பதை வைத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். அந்த வரிசையில் பின்னால் வந்த கருவிகளை உலகம் முழுக்க ஹாம்கள் வாங்கி எஃப்டி8-க்குப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு விதிகளை மட்டும் மறக்க வேண்டாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி உரிமம் வாங்காமல் அனுப்பக் கூடாது. ரகசியக் குறியீட்டில் பூட்டியும் அனுப்பக் கூடாது. ஹாம் அலைவரிசையில் போவதை எவரும் படிக்கலாம்.

ரேடியோவே இல்லாமல் எஃப்டி8-ஐக் கேட்டுப் பார்க்க விரும்பினால், நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள ரேடியோவை இணையத்தில் திறந்து, 14.074 மெகாஹெர்ட்ஸில் யுஎஸ்பி முறையில் வையுங்கள். இந்த யுஎஸ்பி கணினியில் ஒயர் செருகும் இடம் அல்ல, 'அப்பர் சைடுபேண்ட்' என்ற ஒலிபரப்பு முறை. நமக்கு மாலை என்றால் அங்கே பகல், நல்ல கூட்டம் இருக்கும். கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சத்தத்தை டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குத் திருப்பிவிட்டால், ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளமான அழைப்புக்குறிகள் வரிசையாக வரும். அதில் VU என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்குபவை இந்திய ஹாம்களுடையவை.

நன்றி.