காது டெஸ்ட்ல ‘ரெஃபர்’னு வந்தா என்ன செய்யணும்?

[காட்சி: பிரசவ வார்டு. தூங்கற குழந்தையோட காதுல சின்ன ரப்பர் முனை.]

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியோ, தெருமுனை நர்சிங் ஹோமோ, குழந்தை எங்க பிறந்தாலும் டிஸ்சார்ஜுக்கு முன்னாடி காது டெஸ்ட் ஆச்சான்னு கேளுங்க. பேரு ஓ.ஏ.இ. அந்த முனைக்குள்ள ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கு. ஸ்பீக்கர் டிக்டிக்னு சத்தம் அனுப்பும். உள்காதுல இருக்கற மயிரிழைச் செல்கள் நல்லா இருந்தா, பதிலுக்கு ரொம்ப மெல்லிய ஒலி திரும்பி வரும். 1978-ல டேவிட் கெம்ப் பதிவு செஞ்ச விஷயம் இது. குழந்தை தூங்கினா சில நிமிஷம்தான், வலி கிடையாது.

[காட்சி: மெஷின் திரையில ‘பாஸ்’, ‘ரெஃபர்’.]

ரெஃபர்னா மறுபடியும் டெஸ்ட் பண்ணணும்னு அர்த்தம்; காது கேக்காதுன்னு முடிவாயிடல. முதல் ரெண்டு நாள் காதுக்குழாயில வெள்ளைப் பிசுக்கும் தண்ணியும் அடைச்சிருக்கும். குழந்தை சப்புக்கொட்டினாலும், பக்கத்துக் கட்டில்ல பேச்சு ஓடினாலும் அந்த மெல்லிய ஒலி மைக்ல சிக்காது. அதனாலதான் மறுபடியும் வரச் சொல்றாங்க.

கோட்டை விடறது இங்கதான். ‘தட்டைத் தட்டினோம், திரும்பிச்சே!’ன்னு பாட்டி சொல்லுவாங்க, மறு டெஸ்ட் நின்னுபோகும். எவர்சில்வர் தட்டு பெரிய சத்தம். பேச்சே சரியா விழாத குழந்தைகூட அதுக்குத் திடுக்கிடும். கை தட்டினா காத்து முகத்துல படும், நிழல் ஆடும். திருவொற்றியூர் ஹைரோடு ஓரத்து வீட்ல கன்டெய்னர் லாரி போனா கட்டிலே அதிருது, குழந்தை முழிக்குது. அது கேட்டு முழிச்சதுன்னு எப்படிச் சொல்றது? ‘ங்கா’ன்னு சத்தம் போடறதும் சாட்சி ஆகாது. காது கேக்காத குழந்தையும் முதல் சில மாசம் அப்படித்தான் பேசும். ‘பபப’, ‘மம்மம்’ வர்ற வயசுலதான் வித்தியாசம் தெரியும், அதுக்குள்ள பாதி வருஷம் போயிடும்.

கணக்கு இது: 1 மாசத்துக்குள்ள ஸ்க்ரீனிங், 3 மாசத்துக்குள்ள பெரா டெஸ்ட் (சத்தம் காது நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு பாக்கறது) வெச்சு முடிவு, 6 மாசத்துக்குள்ள காது மெஷினும் பயிற்சியும்.

என்.ஐ.சி.யு.ல (பச்சைக்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டு) 5 நாளுக்கு மேல இருந்த குழந்தை, மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாத்தின குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. உள்காது சரியா இருந்து நரம்புல கோளாறுன்னா ஓ.ஏ.இ. பாஸ்னே காட்டும். பெரா கேட்டு வாங்குங்க. சொந்தத்துல கல்யாணம், குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே காது கேக்கலைன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

[காட்சி: காது மெஷின், மோல்டு, பேட்டரி.]

மெஷின் போட்டாச்சு, கொய்னு விசில் அடிக்குதா? பெரும்பாலும் மோல்டு, அதாவது காது அளவுக்கு அச்செடுத்து உள்ள பொருத்தற துண்டு, தளர்ந்திருக்கும். காது வேகமா வளரும் வயசு; சில மாசத்துக்கு ஒரு தடவை புது மோல்டு எடுக்கணும். நம்ம கடல்காத்து ஈரத்துல, மெஷினையும் மோல்டையும் இணைக்கற டியூபுக்குள்ள தண்ணி கோத்துக்கும். ராத்திரி பேட்டரியைக் கழட்டி, மெஷினை சிலிக்கா ஜெல் டப்பாவுல வைங்க. புது பேட்டரியில ஸ்டிக்கரை எடுத்து ஒரு நிமிஷம் காத்துல விட்டுட்டுப் போடுங்க. குழந்தை பேட்டரியை முழுங்கிட்டா உடனே ஆஸ்பத்திரி, காத்திருக்காதீங்க.

மொழி விஷயத்துல, வீட்ல தெலுங்கோ உருதுவோ பேசினா அதையே பேசுங்க. இங்கிலீஷுக்கு மாற வேண்டாம். தமிழ்ல ‘அம்மாவுக்கு’, ‘கடையில’ன்னா அந்தக் கடைசித் துண்டு மெல்லிசா விழும். அது நழுவினா குழந்தை ‘அம்மா கடை போ’ன்னே பேசும். முழு வாக்கியமா, பக்கத்துல உக்காந்து, டிவியை அணைச்சிட்டுப் பேசுங்க.

[காட்சி: அம்மா, குழந்தைக்குப் பின்னாடி.]

தினமும் காலையில மெஷின் போட்டதும், வாய் தெரியாம ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ்னு ஆறு சத்தம் ஒவ்வொண்ணா சொல்லுங்க. கைக்குழந்தைன்னா கண்ணு சிமிட்டுதா, சப்பறதை நிறுத்துதான்னு பாருங்க. வளர்ந்த குழந்தை திருப்பிச் சொல்லும். நேத்து விழுந்த ‘ஸ்’ இன்னிக்கு விழலைன்னா முதல்ல பேட்டரி, அப்புறம் டியூப், அப்புறம் காதுல அழுக்கு. மூணும் சரின்னா அன்னிக்கே ஆடியாலஜிஸ்ட்டுக்கு (காது கேக்கற திறனைப் பாக்கற நிபுணர்) போன் போடுங்க.