ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து

(ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒரு திருவிழாப் பட்டிமன்ற மேடையில் பேசியது. தலைப்பு: குற்றங்கள் குறையப் பெரிதும் வேண்டியது தனிமனிதப் பொறுப்பா, சமூகத்தின் பொறுப்பா? எனக்குக் கிடைத்தது இரண்டாவது அணி.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் மூவருக்கும், மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அக்காமார், மதினிமார்களுக்கும், அதோ கரையேற்றிய வள்ளத்தின் மேல் ஏறிக்கொண்டு ‘டீச்சர் என்னதான் பேசப்போகுது’ என்று பார்க்கும் என் பழைய மாணவர்களுக்கும் வணக்கம். டேய், அது புதுசாகப் பெயிண்ட் அடித்த வள்ளம். இறங்குங்கள்.

எதிரணி வக்கீல் அண்ணன் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ‘ஏழ்மைதான் குற்றத்துக்குக் காரணம் என்றால், இந்தக் கடற்கரையில் ஏழையாய்ப் பிறந்தவன் அத்தனை பேரும் திருடனாகவா ஆனான்?’ கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். எங்கள் அணித் தலைவர் முழங்கையால் என்னை இடித்தார். என்ன செய்ய, கேள்வி நியாயமானது. என் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர். சொந்தமாக ஒரு துண்டு வலை கிடையாது. அடுத்தவன் நங்கூரக் கயிற்றைக்கூடக் கேட்காமல் தொட்டதில்லை.

சரி, அப்பா நல்லவர். ஆனால் அவர் கடைசிவரை நல்லவராகவே இருந்து முடிப்பதற்கு எத்தனை பேர் கை கொடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. 1982 ஜூலையில் சத்துணவு வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எழும்பிவிட்டால் படகு கரையில் கிடக்கும் நாள்கள்தான் அதிகம். நானும் தம்பியும் அலுமினியத் தட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். ஆயா சோற்றை அள்ளிப் போடும்போது ஆவி முகத்தில் அடிக்கும். தம்பி சோற்றில் குழி பறித்து, குழம்பு வெளியே ஓடாமல் அணை கட்டிவிட்டுத்தான் முதல் வாய் வைப்பான். அந்த நேரத்தில் வீட்டில் அப்பாவின் முன்னால் இரண்டு வயிறு குறைந்திருக்கும். இரண்டு வயிறு குறைந்தால் கடைக்காரரிடம் அந்த அளவுக்குக் கடன் குறையும். கடன் கழுத்தை நெரிக்காதவனை ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, ‘ஒரு சின்ன வேலை இருக்கு, வர்றியா?’ என்று கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் அவன் போக மாட்டான். அப்பாவின் நேர்மை அப்பாவுடையதுதான், மறுக்கவில்லை. அதை அவர் தனியாகச் சுமக்கவில்லை, அவ்வளவுதான் நான் சொல்வது.

முதலில் பேசிய தலைமையாசிரியர் ஐயா கலாமைக் கூட்டி வந்தார். இந்தத் தீவில் மேடை ஏறிக் கலாமைச் சொல்லாமல் இறங்கினால் நமக்குச் சாப்பாடு கிடைக்காது, எனக்கும் தெரியும். ‘பேப்பர் போட்ட பையன் குடியரசுத் தலைவர் ஆனது தன் பொறுப்பை உணர்ந்ததால்’ என்றார். ஐயா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்ட சிவசுப்பிரமணிய ஐயரை எங்கே விட்டீர்கள்? ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் அவருக்குத் தெம்பு சொன்ன ஐயாத்துரை சாலமன் வாத்தியார்? சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டுவதற்கு ஆயிரம் ரூபாய் இல்லாமல் நின்றபோது, அக்கா ஜொகரா வளையலையும் சங்கிலியையும் கழற்றி அடகுக்குக் கொடுத்தாரே, அதை எந்த அணிக் கணக்கில் எழுதுவது? கலாமின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அடகு வைக்க வளையல் இல்லாத வீட்டிலும் அந்த மாதிரி ஒரு பையன் பிறந்திருப்பான். அவன் பெயரை இந்த மேடையில் யாரும் சொல்லப்போவதில்லை.

அப்புறம் ஐயா வள்ளுவரையும் விடவில்லை. பெற்ற தாய் பசித்திருப்பதைப் பார்த்தாலும் பெரியவர்கள் பழிக்கும் காரியத்தைச் செய்யாதே என்ற குறளைச் சொல்லி, பசி ஒரு சாக்கு ஆகாது என்று முடித்தார். நான் ஐயாவிடம் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் படித்தவள். புத்தகத்தில் ஒரு வரியைப் பார்த்தால் அது எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அந்தக் குறள் வினைத்தூய்மை அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரம் சொல்வன்மை, அதற்கு முந்தினது அமைச்சு. அது பொருட்பாலில் அமைச்சனுக்குச் சொல்லும் பகுதி ஐயா! பதவியில் இருப்பவனைப் பார்த்து, உன் தாயே பசித்தாலும் கை நீட்டாதே என்கிறார் வள்ளுவர். அதை நீங்கள் வலை இழுக்கிறவன் தலையில் இறக்கிவிட்டீர்கள். (கைதட்டல் போதும், ஐயா சிரிக்கிறார். வெளியே வந்ததும் காதைத் திருகுவார்.)

பிறக்கும்போதே குற்றவாளி என்று எழுதிவைத்த சட்டத்தையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 1911-ல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் கமுதி, முதுகுளத்தூர் பக்கம் அப்பநாடு வரைக்கும் வந்தது. கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி சாவடியிலோ ஸ்டேஷனிலோ போய்ப் படுக்க வேண்டும். முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1947-ல்தான் ஒழிந்தது. தனிமனிதப் பொறுப்பு என்று இன்று பேசுகிறோமே, தனிமனிதன் என்று ஒருவன் இருப்பதாகவே ஒத்துக்கொள்ளாத சட்டம் அது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஒரு பையன். ஊர், பெயர் வேண்டாம். அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். பன்னிரண்டு முடித்துவிட்டு அப்பாவோடு விசைப்படகுக்குப் போனான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் தருகிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை, முன்பு இதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய். அந்த வருஷம் அக்காவுக்குப் பிரசவம், அப்பாவுக்கு முதுகுவலி. மே மாதத்தில் ஒரு ராத்திரி ஆள் வந்தான். உடைமரக் காட்டுக்குள் இரண்டு சாக்கு இருக்கிறது, ரோட்டில் நிற்கும் வண்டிவரைக்கும் தூக்கி வந்தால் 500 ரூபாய்.

சாக்கில் இருந்தது கடல் அட்டை, பிடிக்கத் தடை உள்ள கடல் பிராணி. அவித்துக் காயவைத்தது. அந்த வாடை இந்தக் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆகவே ‘என்ன என்று தெரியாமல் தூக்கினான்’ என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் தூக்கினான். வனத்துறை ஜீப் விளக்கு விழுந்ததும் வண்டி பறந்துவிட்டது. வந்த ஆள் இருட்டோடு இருட்டாகப் போய்விட்டான். இரண்டு சாக்கும் பையனும் மாட்டினார்கள்.

கடல் அட்டையை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற அட்டவணை. மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறை. தடை சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். அட்டை கடலடி மண்ணைத் தின்று சுத்தமாக்கிப் போடுகிற பிராணி. வயலுக்கு மண்புழு எப்படியோ, கடலுக்கு அது அப்படி. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். தனுஷ்கோடியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் தாண்டினால் இலங்கையில் அதே அட்டையை உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை போட்டு வளர்க்கலாம், கப்பலில் ஏற்றலாம். இந்தப் பக்கம் தலைமுறையாய் முங்கி எடுத்தவர்களிடம், நாளையிலிருந்து இது குற்றம் என்று சொன்ன சமூகம், நாளையிலிருந்து உனக்கு இது வேலை என்று அதே குரலில் சொல்லியிருக்க வேண்டாமா?

பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. இரண்டு நபர் ஜாமீன் போட வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் வேண்டும். அவர்கள் இருந்தது புறம்போக்கில் ஓலை வீடு. வரி ரசீதுக்கு எங்கே போவது? சொந்தக்காரர்களும் அதே வரிசை வீடுகள்தான். ஒரு பெரியப்பா மட்டும் ஒத்துக்கொண்டார். இரண்டாவது ஆளுக்கு அவன் அம்மா என்னிடம் வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கோர்ட் காகிதத்தை எடுத்து விரித்தார். ஈரத்தில் மடிப்பு ஒட்டிப்போய் நடுவில் கிழிந்திருந்தது.

நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் கைதட்டுவீர்கள். போடவில்லை. அரசுச் சம்பளம் வாங்குகிறவள், பின்னால் ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். ‘ஊர் வம்பு நமக்கு எதுக்கு’ என்று வீட்டில் சொன்னார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நான்கு நாள் அப்படிச் சொன்னேன். ஐந்தாம் நாள்தான் போனேன். ஜாமீன் கிடைத்த பிறகு மொத்தம் பதினெட்டு நாள் அவன் உள்ளே இருந்தான். அதில் நான்கு நாள் என் கணக்கு. நடுவர் ஐயா, இதைத் தனிமனிதப் பொறுப்பு என்று எதிரணி எடுத்துக்கொள்ளட்டும், தருகிறேன். ஆனால் ஒரு டீச்சருக்குத் தைரியம் வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒருவன் உள்ளே இருப்பதும் வெளியே வருவதும் முடிவானால், அந்த ஏற்பாட்டைச் செய்தது யார்?

இவன் ஒருத்தன் கதை என்று தள்ளிவிடாதீர்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், இன்னும் தீர்ப்பு வராதவர்கள். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் ஒருவன் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. வக்கீல் அண்ணனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேச்சில் சொல்லவில்லை, ஏனென்றால் அது எங்கள் அணிக்குப் பாயிண்ட்.

தாலிச் சங்கிலி பறிகொடுத்தவளிடம் போய்ச் சமூகம், கிமூகம் என்று பேசுவீர்களா என்று அண்ணன் கேட்டார். பேச மாட்டேன். பறித்தவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள். சிறைக்கதவைத் திறந்துவிடச் சொல்லி இங்கே யாரும் வரவில்லை. ஆனால் 2003-லிருந்து அரசே சாராயக் கடையை நடத்திக்கொண்டு, குடித்துவிட்டுப் பறித்தவனைப் பார்த்து ‘உனக்குப் பொறுப்பு இல்லையா’ என்று மட்டும் கேட்டால், எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆண்கள் பக்கம் சத்தத்தைக் காணோம். பரவாயில்லை.

பொறுப்பே வேண்டாமா என்றால், வேண்டும். அது எப்படி வளரும் என்பதில்தான் சண்டை. பாம்பன் சின்னப்பாலம் போய்ப் பாருங்கள். சேலைக்கு மேலே சட்டை மாட்டி, விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு முங்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையிடுக்கில் இருக்கும், விரலைக் கிழிக்கும். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனது. அதற்கப்புறம் பாட்டி காலத்து வேலைக்கு அபராதம், பையைப் பிடுங்குவது, படகைப் பிடிப்பது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஒன்றாக உட்கார்ந்து, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்போம், இரும்பால் சுரண்ட மாட்டோம், பவளப் பாறையைத் தொட மாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அடையாள அட்டை கேட்டுப் போராடினார்கள். முன்னே நின்ற லட்சுமி அக்காவுக்கு 2015-ல் தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பு விருது கொடுத்தது. போலீஸ் நிற்காத நடுக்கடலில் பதின்மூன்றாவது நாள் முங்காமல் இருப்பதற்குப் பெயர் பொறுப்பு. ஆனால் ஒருத்தி மட்டும் முங்காமல் இருந்தால் அவள் வீட்டில் உலை வைக்க முடியாது, அவள் எடுக்காமல் விட்டதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போகும். எல்லாரும் சேர்ந்து நின்றதால்தான் ஒவ்வொருத்தியாலும் நிற்க முடிந்தது.

மணி அடித்துவிட்டீர்கள். இரண்டு மணி வேறு. ஒரே ஒரு விஷயம், முடித்துவிடுகிறேன்.

அந்தப் பையன் வழக்கு இன்னும் நடக்கிறது. இப்போது ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறான். வாய்தா நாளில் கூலி கிடையாது, போகவர பஸ் காசு தனி. போன தடவை சாட்சி வரவில்லை, அதற்கு முந்தின தடவை கோர்ட் லீவு. வருகிற வியாழக்கிழமை அடுத்த வாய்தா, நான் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வக்கீல் அண்ணே, வியாழக்கிழமை உங்களுக்கும் ராமநாதபுரம் கோர்ட்டில்தான் வேலை இருக்கும். அவனுக்கென்று வக்கீல் கிடையாது. தனிமனிதப் பொறுப்பு என்று அவ்வளவு அழகாகப் பேசினீர்கள். பத்தரை மணிக்கு மரத்தடியில் நிற்போம், வாருங்கள். நன்றி, வணக்கம்.