கிளவுடுக்கு மாறும் முன் கேட்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

தொழில் நடத்துகிற எவருக்கும் இப்போது அடிக்கடி வருகிற போன் இது: "சார், கிளவுடுக்கு மாறிடுங்க. சர்வர் வாங்க வேணாம், பேக்கப் எடுக்க வேணாம், ஒரு கவலையும் இல்ல." இதில் சர்வர் வாங்க வேண்டாம் என்பது சரி. பேக்கப் எடுக்க வேண்டாம் என்பது தப்பு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கிளவுட் என்பது எளிமையான விஷயம். உங்கள் கணக்கும் ஃபைல்களும் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாமல், வேறொரு நிறுவனம் சர்வர்களை வரிசையாக வைத்திருக்கும் கட்டடத்தில், அதாவது டேட்டா சென்டரில் இருக்கும். இன்டர்நெட் வழியாக எடுத்து வேலை பார்ப்பீர்கள். அதற்கு மாதாமாதமோ, உபயோகித்த அளவுக்கோ பணம் கட்டுவீர்கள். ஜிமெயில் வைத்திருப்பவர் ஏற்கனவே கிளவுடில்தான் இருக்கிறார். சென்னையில் வளர்ந்த சோஹோவின் கணக்கு சாஃப்ட்வேரும் இந்த வகைதான். இவையெல்லாம் தயாராகக் கிடைக்கும் சாஃப்ட்வேர். இதற்கு அடுத்த படி, சர்வரையே வாடகைக்கு எடுப்பது. அமேசான் 2006-இல் இதைக் கடைவிரித்தது. மார்ச்சில் ஃபைல் சேமிக்கும் வசதி வந்தது, ஆகஸ்டில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இன்று இதற்காகக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, மும்பை, சென்னையில் டேட்டா சென்டர்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பைக்கும் 2022-இல் ஹைதராபாத்துக்கும் வந்தது.

லாபம் எங்கே என்று கேட்டால், தீபாவளியைப் பாருங்கள். ஆன்லைனில் புடவை விற்கிற கடைக்கு வருடத்தில் பதினொரு மாதம் சாதாரணக் கூட்டம், பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம் தாங்க முடியாத கூட்டம். சொந்த சர்வர் என்றால் அந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும், மீதி நாளெல்லாம் அது சும்மா கிடக்கும். கிளவுடில் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் கூட்டி வாங்கிவிட்டு, பிறகு குறைத்துக்கொள்ளலாம். நெட்ஃபிளிக்ஸ் இந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் ஒரு கோளாறு. அப்போது அது டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிய கம்பெனி. 2008 ஆகஸ்டில் அதன் டேட்டாபேஸ் கெட்டுப்போய், மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. அதன்பின் அமேசான் கிளவுடுக்கு மாறத் தொடங்கி, வேலை முழுதாக முடிந்தது 2016 ஜனவரியில். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே ஏறக்குறைய ஏழு வருடம் பிடித்தது. "ஒரே வாரத்தில் மாத்தித் தர்றோம்" என்று சொல்பவரிடம் எதை மாற்றுகிறீர்கள் என்று நிதானமாகக் கேளுங்கள்.

நம் ஊர்ச் சிறு கம்பெனிகளுக்கு இதில் நிஜமான நன்மை உண்டு. நான் போய்ப் பார்க்கிற இடங்களில் 'சர்வர்' என்று காட்டப்படுவது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர். பேட்டரி உப்பிப்போன யுபிஎஸ், மேலே நாலு வருடத்து வவுச்சர் கட்டுகள். பேக்கப் எடுக்கிற பென் டிரைவ் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருக்கும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். இதைவிட ஒழுங்கான டேட்டா சென்டர் எதுவும் மேல்தான்.

ஆனால் ஒழுங்கான டேட்டா சென்டரும் எரியும். 2021 மார்ச் 10, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரம். ஐரோப்பாவின் பெரிய கிளவுட் நிறுவனங்களில் ஒன்றான ஓவிஎச்-இன் ஐந்து மாடி டேட்டா சென்டர் நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்து முழுதாக அழிந்தது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தைத் தொடங்குங்கள் என்று நிறுவனர் ட்விட்டரில் வாடிக்கையாளர்களுக்கு எழுதினார். திட்டம் வைத்திருந்தவர்களுக்கு நல்ல யோசனைதான். வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டுவிட்டார்கள். ரஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டின் 25 ஐரோப்பிய சர்வர்கள் போயின, அவற்றில் இருந்த தரவு திரும்பவில்லை. சிலர் பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியும் இழந்தார்கள், அந்தப் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்ததால்.

தீ வேண்டும் என்றும் இல்லை. 2024 மே மாதம், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி யூனிசூப்பர் கூகுளிடம் வாங்கியிருந்த கிளவுட் சேவையே அழிந்துவிட்டது. கூகுள் தரப்பில் ஏதோ ஒரு அமைப்பைத் தவறாகப் போட்டதுதான் காரணம். இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தும், சந்தாவே அழிந்ததால் இரண்டுமே போயின என்று இரு நிறுவனங்களும் அப்போது அறிவித்தன. மீட்கக் கைகொடுத்தது, அந்தச் சேவைக்கு வெளியே தனியாக வைத்திருந்த பேக்கப். ஆகவே பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த ஊரில், யார் பெயரில், யாருடைய கணக்கில் என்று கேட்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதில்தான் குழப்பம் அதிகம். கல்யாண மண்டபம் எடுத்தால் ஹாலும் ஜெனரேட்டரும் அவர்கள் பொறுப்பு, மணமகள் அறையில் இருக்கும் நகைப் பெட்டி உங்கள் பொறுப்பு. கிளவுடும் அப்படித்தான். 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில், அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. அவை இருந்தது அமேசான் கிளவுடில். வழி விட்டது வங்கி தன் பக்கம் தவறாக அமைத்த ஃபயர்வால், அதாவது வெளியாள் நுழையாமல் தடுக்க வேண்டிய காவல் அமைப்பு. நம் ஊரில் அவ்வளவு நுட்பமாகத் திருட வேண்டிய அவசியமே இல்லை. பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் 99.9 சதவீத நேரம் சேவை ஓடும் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் மாதத்தில் சுமார் 43 நிமிடம் ஓடாமல் இருக்கலாம் என்று பொருள். அதைத் தாண்டினால் பொதுவாகக் கிடைப்பது அடுத்த பில்லில் கொஞ்சம் தள்ளுபடி. அன்று நின்றுபோன வியாபாரத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

பில் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஓடிபி வேலையை விட்டுப் போன மேனேஜரின் போனுக்குப் போகிறதா என்று பாருங்கள். முதலாளி பெயரில் கணக்கு, கம்பெனி மெயிலில் லாகின் என்று முதல் நாளே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

எல்லோருக்கும் கிளவுட்தான் மலிவு என்றும் சொல்ல மாட்டேன். ஃபைல்களை ஆன்லைனில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் கம்பெனி பெரும்பகுதித் தரவை அமேசானிலிருந்து தன் சொந்த சர்வர்களுக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 7.5 கோடி டாலர் மிச்சம் பிடித்தது. வருடம் முழுக்க ஒரே அளவு வேலை, பார்த்துக்கொள்ள ஆள் என இரண்டும் இருந்தால் சொந்த சர்வரும் கட்டுப்படியாகும். பத்து பேர் வேலை பார்க்கிற இடத்தில் அந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறவர்கள் ஆடிட்டரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் திருத்திய விதிப்படி, கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் எடுக்கப்பட வேண்டும். சாஃப்ட்வேர் விற்பவர் "எல்லாம் சேஃப் சார்" என்றால், எந்த நாட்டில் என்று எழுத்தில் வாங்குங்கள். நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்குப் போனால் முழுக் கணக்கையும் எக்ஸெல்லில் இறக்கித் தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் அதே காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே மாறிவிட்டவர்கள், மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் கணக்காளரை உட்கார வைத்து, போன வருடத்து ஏதாவது ஒரு மாத லெட்ஜரை பேக்கப்பிலிருந்து மட்டும் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்தால் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். திறக்கவில்லை என்றால் திங்கட்கிழமை காலையே விற்றவருக்குப் போன் போடுங்கள்.

நன்றி. வணக்கம்.